பீகிள் பயிற்சி அடைப்பு

பீகிள் பயிற்சி அடைப்பு என்பது, முயல் வேட்டைக்குப் பழக்கப்படும் பீகிள் இன நாய்களை ஓடவிட்டுப் பயிற்றுவிப்பதற்காகச் சுற்றிலும் கம்பிவலை வேலி போட்டு, உள்ளே காட்டு முயல்களை வாழவிட்டிருக்கும் நிலப்பரப்பு ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கு, தெற்கு, நடுமேற்கு மாநிலங்களில் இத்தகைய அடைப்புகள் பல உள்ளன. ஆங்கிலத்தில் இதனை 'ரன்னிங் பென்' என்பர். இதில் வரும் 'பென்' எழுதுகோல் அன்று. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று தமிழில் சொல்லும் பட்டியைக் குறிக்கும் சொல் அது. ஆனால் பட்டி என்றதும் மனத்தில் தோன்றும் சிறிய இடமாக இதை நினைத்துவிடக் கூடாது. மிகச் சிறியவை ஓரிரு ஏக்கர் இருக்கும். பெரியவை ஐம்பது ஏக்கரையும் தாண்டும். உள்ளே புதர், முள்செடி, உயர்ந்த புல், மரக்கூட்டம் எல்லாம் இருப்பதால், நடுவில் நிற்பவருக்கு வேலி இருப்பதே தெரியாது.

இந்த அடைப்புக்குள் முயலைச் சுடுவதில்லை. நாய் அதைப் பிடிக்க வேண்டும் என்பதும் நோக்கமன்று. முயல் விட்டுச் சென்ற மணத்தை நாய் தரையிலிருந்து முகர்ந்து, தடம் தவறாமல், குரல் கொடுத்துக்கொண்டே பின்தொடரக் கற்பதுதான் இங்கே நடைபெறும் பாடம். முயல் தப்பித்து மறுநாளும் ஓடினால்தான் மறுநாளும் பாடம் நடக்கும்.

மோப்ப நாயும் பார்வை நாயும்

வேட்டை நாய்களை இரு பெரும் பிரிவாகப் பார்க்கலாம். ஒன்று, இரையைக் கண்ணால் கண்டு வேகத்தால் விரட்டிப் பிடிப்பது. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட இவை ஒரு காலத்தில் முயல் வேட்டைக்குப் பயன்பட்டன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம் என்பதால் அந்த வழக்கத்திற்கு இன்று இடமில்லை.

மற்றொன்று, மூக்கை நம்பி வேட்டையாடும் மோப்ப நாய். பீகிள் இந்த வகை. குட்டைக் கால், தொங்கும் காது, கறுப்பு, வெள்ளை, பழுப்பு கலந்த நிறம், நிமிர்ந்த வால். அந்த வாலின் நுனி வெண்மையாக இருப்பது புதருக்குள்ளும் நாயை அடையாளம் காட்டும். மனித மூக்கில் மணம் அறியும் உணர்செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், பீகிளின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் எனக் கணக்கிடுவர். பீகிள் முயலைவிட வேகம் குறைந்தது. ஓட்டப் போட்டியில் அது முயலிடம் தோற்கும். ஆனால் முயல் எங்கே சென்றது என்பதை மறக்காது.

இன்றைய பீகிளின் வடிவம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. 1830களில் எசெக்சைச் சேர்ந்த பாதிரியார் பிலிப் ஹனிவுட் வளர்த்த நாய்க்கூட்டமே இதன் அடித்தளம் எனக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1870களில் இலினொய் மாநிலத்தின் ஜெனரல் ரிச்சர்ட் ரோவெட் இங்கிலாந்திலிருந்து நல்ல நாய்களை வரவழைத்து இனப்பெருக்கம் செய்தார். 1885இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் மன்றமான அமெரிக்கன் கெனல் கிளப்பின் பதிவேட்டில் முதல் பீகிள் இடம்பெற்றது. 1888இல் தேசிய பீகிள் மன்றம் தோன்றி, பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹயானிஸ் என்ற ஊரில் முதல் களப் போட்டியை நடத்தியது. அமெரிக்கத் தர அளவின்படி 13 அங்குலத்திற்கு உட்பட்ட நாய்கள் ஒரு பிரிவு. 13க்கு மேல் 15 அங்குலம் வரை உள்ளவை மற்றொரு பிரிவு.

முயல் போடும் வட்டம்

அடைப்பு ஏன் பயன்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள முயலின் இயல்பை அறிய வேண்டும். கிழக்கு அமெரிக்காவில் பீகிள்கள் பெரும்பாலும் பின்தொடர்வது காட்டன்டெயில் எனப்படும் பஞ்சுவால் முயலை. ஓடும்போது வாலின் அடிப்பகுதி பஞ்சுருண்டை போல் வெளுத்துத் தெரிவதால் இந்தப் பெயர். எடை ஒரு கிலோவைச் சற்று ஒட்டியே இருக்கும். இது வளை தோண்டுவதில்லை. புல்லுக்கடியில் உடம்பளவுக்கு ஒரு படுக்கையை அமுக்கிக்கொண்டு பகல் முழுதும் அசையாமல் கிடக்கும். ஆபத்து நெருங்கினால் வேறொரு விலங்கு கைவிட்ட வளையிலோ, கல்லிடுக்கிலோ நுழைந்துகொள்ளும்.

இந்த முயலின் வாழ்விடம் சிறியது. பெரும்பாலும் சில ஏக்கருக்குள் அடங்கிவிடும். அந்த எல்லைக்குள் ஒவ்வொரு புதரும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அதற்குப் பழக்கம். எல்லையைத் தாண்டினால் ஒளிய இடம் தெரியாது. ஆகவே நாய் துரத்தும்போது முயல் நேராக ஓடி மறைந்துவிடுவதில்லை. வளைந்து வளைந்து, கிளம்பிய இடத்தின் பக்கமே திரும்பி வருகிறது. வேட்டைக்காரர் நாயின் பின்னால் ஓடாமல், முயல் கிளம்பிய இடத்தின் அருகே நின்று காத்திருப்பதன் காரணம் இதுவே. பீகிள் வேட்டை முழுவதும் இந்த வட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

வட்டம் என்றால் வட்டக்கருவியால் வரைந்தது போன்றதன்று. முயல் வந்த தடத்திலேயே சிறிது தூரம் திரும்பிச் சென்று, பக்கவாட்டில் ஒரு தாவு தாவி, வேறு திசையில் போகும். ஓடையின் ஓரமாகச் செல்லும். வெட்டவெளிச் சாலையைக் கடக்கும். அந்த இடங்களில் நாய்க்குத் தடம் அறுந்துபோகும். முகர்ந்து முகர்ந்து, விட்ட இடத்தைச் சுற்றித் தேடி, மீண்டும் தடத்தைப் பிடிப்பதே நல்ல பீகிளுக்கு அடையாளம். நேர்க்கோட்டில் குரைத்துக்கொண்டு ஓடுவதை எந்த நாயும் செய்துவிடும்.

வேலி தேவைப்பட்டது ஏன்?

பழைய நாளில் பண்ணைக்காரர்கள் தங்கள் வயலோரத்திலும் பக்கத்து நிலத்திலும் நாயை அவிழ்த்துவிட்டாலே போதும். இன்று அது எளிதன்று. பண்ணைகள் வீட்டுமனைகளாகின்றன. நிலவுரிமையாளரின் அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. நாய்க்கு எல்லைக்கல் தெரியாது. நெடுஞ்சாலைகள் பெருகியுள்ளன. முயல் சாலையைக் கடந்தால் மூக்கைத் தரையில் பதித்த நாயும் கடக்கும். பீகிள் ஒன்று தடத்தில் இருக்கும்போது எசமானரின் அழைப்புகூட அதன் காதில் ஏறாது.

20ஆம் நூற்றாண்டில் கயோட்டி எனப்படும் ஓநாய் இனத்து விலங்கு மேற்கிலிருந்து கிழக்கு மாநிலங்கள் எங்கும் பரவியது. தனியே அகப்படும் சிறிய நாயை அது கொன்றுவிடக்கூடும். வெண்வால் மான்களும் முன்பைவிட மிகப் பெருகியுள்ளன. மானின் மணம் முயலின் மணத்தைவிடச் செறிவானது. இளம் நாய் ஒருமுறை மானைத் துரத்தும் சுவையைக் கண்டுவிட்டால் முயலை மறந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடித் தொலைந்துபோகும். முயலுக்கென வளர்த்த நாய் மானைத் துரத்துவதை வளர்ப்பவர்கள் பெருங்குறையாகக் கருதுகின்றனர்.

இன்னொரு காரணம் சட்டம் சார்ந்தது. முயல் குட்டி போடும் பருவத்தில் வெளிநிலங்களில் நாயை ஓடவிடுவதற்குச் சில மாநிலங்கள் தடை அல்லது கட்டுப்பாடு விதிக்கின்றன. அனுமதி பெற்ற அடைப்புகளுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. ஆகவே வேட்டைப் பருவம் முடிந்த பின்னும் நாயைப் பழக்கத்தில் வைத்திருக்க அடைப்பே வழியாகிறது. சொந்தமாக அடைப்பு வைத்திருப்போர் குறைவு. மன்றங்கள் கூட்டாக நிலம் வைத்துப் பராமரிப்பதும், தனியார் கட்டணம் பெற்று மணிக்கணக்கில் விடுவதும், பயிற்சியாளரிடம் நாயைச் சில வாரங்கள் ஒப்படைப்பதும் வழக்கம்.

அமைப்பு

வேலிக்கு நான்கைந்து அடி உயரம் போதும் என்பர். உயரத்தைவிட அடிப்பகுதியே முக்கியம். வலையை ஓரடி அளவுக்கு மடக்கித் தரையோடு பதித்தோ, மண்ணுக்குள் புதைத்தோ அமைக்கின்றனர். பஞ்சுவால் முயல் அவ்வளவாகத் தோண்டாது. தோண்டுவது நாயும், வெளியிலிருந்து வரும் நரியும்தான். கீழ்ப்பகுதியில் ஓரங்குலக் கண்ணுள்ள கோழிவலையைக் கட்டுவதற்கும் காரணம் உண்டு. கண் பெரிதானால் முயல்குட்டிகள் வெளியேறிவிடும். கயோட்டியையும் ரக்கூனையும் தடுக்க வெளிப்புறத்தில் மின்கம்பி ஓட்டுவதும் உண்டு. மானுக்கு இந்த உயரம் ஒரு தடையே அன்று. இரவில் தாண்டி வந்து மேய்ந்துவிட்டுப் போகும். பயிற்சிக்கு முன் உள்ளே மான் இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது.

வேலி போடுவது பணத்தால் முடிகிற வேலை. உள்ளே முயலை வாழவைப்பதுதான் உண்மையான வேலை. முயலுக்கு உணவும் ஒளிவிடமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்க வேண்டும். திறந்த வெளியில் நடந்து சென்று மேய வேண்டியிருந்தால் பருந்தும் ஆந்தையும் அதை விட்டுவைப்பதில்லை. அப்பறவைகளை 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் காக்கிறது. அவற்றைச் சுட முடியாது. எனவே முயலுக்குக் கூரை போல் முள்புதரை வளர்ப்பதே ஒரே வழி. நாவற்பழம் போன்ற கறுத்த பழம் தரும் பிளாக்பெரி முள்செடி இதற்கு மிக ஏற்றது. வெட்டிய மரக்கிளைகளைக் குவித்துப் புதர்க்குவியல் அமைக்கின்றனர். கனத்த கட்டைகளை அடியில் இடைவெளி விட்டு அடுக்கி, மெல்லிய கிளைகளை மேலே போட்டால்தான் முயல் நுழைய வழி இருக்கும். எல்லாவற்றையும் நெருக்கிப் போட்ட குவியலுக்குள் முயலால் நுழைய முடியாது.

புதர்களுக்கிடையே கிளோவர் எனப்படும் தீவனப் பயிரைப் பட்டை பட்டையாக விதைக்கின்றனர். புல்லை வெட்டிப் பாதைகளும் விடுகின்றனர். இந்தப் பாதை மனிதர் நடப்பதற்கு மட்டுமன்று: முயல் பாதையைக் கடக்கும்போது நேரில் பார்த்து, நாய் அதே இடத்தில் கடக்கிறதா என ஒப்பிட முடியும். முயல் சென்ற தடத்திற்கும் நாய் முகரும் தடத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காணும் இடம் இது ஒன்றே.

ஒவ்வொரு சில பத்து அடிக்கும் தப்பிக்கும் வழி வேண்டும். முயல் நுழையும், நாய் நுழைய முடியாத அளவில் குழாய்களைப் புதைப்பதும், அடியில் சிறு துளைகள் விட்ட மரப்பெட்டிகளை வைப்பதும் வழக்கம். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குழாய் குறைந்தால் முயல் சாகும். குழாய் மிகுந்தால் இரண்டு நிமிட ஓட்டத்தில் முயல் உள்ளே போய்விடும், நாய்க்குப் பாடமே கிடைக்காது. குட்டி நாய்கள் பழகும் அடைப்பில் குறைவாகவும், பெரிய நாய்கள் கூட்டமாக ஓடும் அடைப்பில் மிகுதியாகவும் வைக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. சிலர் குழாயின் வாயைப் பயிற்சி நேரத்தில் அடைத்துவிடுகின்றனர். நாய் சில மணி நேரம் விரட்டக்கூடிய இடத்தில் முயலின் ஒரே புகலிடத்தை மூடுவது நியாயமன்று. அதனால் கிடைக்கும் நீண்ட ஓட்டத்தில் நாய் கற்பதும் அதிகமில்லை.

முயலைக் கொண்டுவருதல்

வீட்டில் வளர்க்கும் முயல் இதற்கு உதவாது. அது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. பஞ்சுவால் முயல் வேறு பேரினம், இரண்டும் இனக்கலப்பு ஆவதில்லை. வளர்ப்பு முயலுக்கு வட்டமடித்து ஓடவும் தெரியாது. எனவே சுற்றுப்புறத்தில் பெட்டிப்பொறி வைத்துக் காட்டு முயலைப் பிடித்து உள்ளே விடுகின்றனர். காட்டு முயலைப் பிடிக்கவும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவும் மாநில வனவிலங்குத் துறையின் விதிகள் உண்டு. பல இடங்களில் உரிமம் வேண்டும்.

இந்த விதிகள் வெறும் அலுவலகக் கெடுபிடி அல்ல என்பதற்கு மார்த்தாஸ் வினியார்ட் தீவு ஓர் எடுத்துக்காட்டு. மாசசூசெட்ஸ் கடற்கரையை அடுத்த இத்தீவுக்கு 1930களில் வேட்டை மன்றங்கள் வேறு மாநிலங்களிலிருந்து பஞ்சுவால் முயல்களை இறக்குமதி செய்தன. அவற்றுடன் டுலரேமியா என்ற பாக்டீரியா நோயும் வந்து தீவில் நிலைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. உண்ணி கடிப்பதாலும், நோயுற்ற முயலைக் கையாள்வதாலும், கிருமி கலந்த தூசியைச் சுவாசிப்பதாலும் இது மனிதருக்குத் தொற்றும். 2000ஆம் ஆண்டில் அத்தீவில் 15 பேர் இந்நோய்க்கு ஆளாயினர், ஒருவர் இறந்தார். புல்வெட்டும் எந்திரம் கிளப்பிய தூசியும் காரணங்களுள் ஒன்று என ஆய்வு காட்டியது. வேட்டைக்காக முயலைக் கொண்டுவந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, வேட்டையோடு தொடர்பே இல்லாமல் புல் வெட்டியவர்கள் நோயுற்றனர்.

நியூ இங்கிலாந்து வட்டாரத்துக்கே உரிய மற்றொரு பஞ்சுவால் முயலினம் இன்று அருகிவிட்டது. அதன் காடுகள் அழிந்தது ஒரு காரணம். வேட்டைக்காக அங்கு கொண்டுவந்து விடப்பட்ட கிழக்குப் பஞ்சுவால் முயல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது மற்றொரு காரணம். 2020இல் தென்மேற்கு மாநிலங்களின் காட்டு முயல்களிடையே முயல் இரத்தக்கசிவு நச்சுயிரி நோயின் இரண்டாம் வகை பரவியது. அது மனிதரைத் தாக்காது. முயல்களைக் கூட்டமாகக் கொல்லும். அதன் பின் முயல் போக்குவரத்தில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின.

குட்டி நாயின் முதல் பாடம்

நான்கு முதல் ஆறு மாத வயதில் குட்டியைச் சிறிய அடைப்பில் விடத் தொடங்குகின்றனர். ஓரிரு ஏக்கர் கொண்ட இதனைத் 'தொடக்க அடைப்பு' என்பர். இங்கே முயல் எளிதில் கண்ணில் படும். குட்டி முதலில் கண்ணால்தான் துரத்தும். முயல் புதருக்குள் மறைந்ததும் திகைத்து நிற்கும். பிறகு ஒருநாள் மூக்கைத் தரையில் வைக்கும், வால் வேகமாக ஆடும், தொண்டையிலிருந்து ஒரு குரல் எழும். வளர்ப்பவர்கள் மாதக்கணக்காகக் காத்திருப்பது இந்தக் குரலுக்காக. இதைக் கற்பிக்க முடியாது; அது பிறப்பிலேயே உள்ளது. அது வெளிவர வாய்ப்புத் தருவதே அடைப்பின் பணி. சில குட்டிகள் மூன்றாம் நாளே தொடங்கும். சில ஒரு வயதுவரை பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டிருக்கும். தாமதமாகத் தொடங்கும் நாயை மட்டம் என எண்ணி விற்றுவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு.

தொடங்கிய குட்டியை அனுபவமுள்ள நாயுடன் சேர்த்து ஓடவிடலாமா என்பதில் இரு கருத்துகள் உண்டு. கூட ஓடினால் விரைவில் கற்கும். ஆனால் தானாக முகராமல் பெரிய நாயின் குரலைக் கேட்டு அதன் பின்னால் ஓடுவதே பழக்கமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதுவது போன்றதுதான் இது. விடை சரியாக இருக்கும், கணக்கு தெரிந்திருக்காது. பலரும் வாரத்தில் சில நாள் தனியாகவும் சில நாள் துணையுடனும் விடுகின்றனர்.

தடத்தில் ஓடும் நாயின் குற்றங்களுக்குப் பீகிள் வளர்ப்போரிடம் நீண்ட சொற்பட்டியலே உண்டு. தடம் இல்லாத இடத்திலும் குரைத்துக்கொண்டிருப்பது வீண்குரைப்பு. தடம் இருந்தும் குரல் கொடுக்காமல் ஓடுவது ஊமை ஓட்டம். முயல் போன திசைக்கு எதிராக, வந்த திசையை நோக்கி முகர்ந்து செல்வது பின்தடம். தடத்தை உழைத்துப் பின்தொடராமல், முன்னால் எங்கே வரும் என ஊகித்துக் குறுக்கே வெட்டி ஓடுவதும் குற்றமே. இவற்றுள் பின்தடத்தை அமெரிக்கக் களப் போட்டி விதிகள் கடுமையாகப் பார்க்கின்றன. அந்த நாய் உழைக்கிறது, குரல் கொடுக்கிறது, துல்லியமாகவும் செல்கிறது; ஆனால் ஒவ்வொரு அடியும் முயலிடமிருந்து விலகியே போகிறது.

மணம் எப்போதும் ஒரே அளவில் தரையில் நிற்பதில்லை. ஈரமான தரையிலும் குளிர்ந்த காலையிலும் நன்றாக நிற்கும். வெயில் ஏறி மண் காய்ந்தால் குறையும். காற்று பலமாக அடித்தால் சிதறும். காலையில் சிறப்பாக ஓடிய நாய் அதே அடைப்பில் பகல் பதினொரு மணிக்குத் தடுமாறினால் நாயைக் குறை சொல்வதில் பயனில்லை.

உடல் வலு

திறமை வேறு, வலு வேறு. வேட்டைப் பருவத்தில் நாய் நாளெல்லாம் முள்ளுக்குள் ஓடவேண்டியிருக்கும். கோடை முழுதும் கூண்டில் படுத்திருந்த நாயை முதல் நாளே அப்படி ஓடவிட்டால் தசை பிடிக்கும், பாதத்தின் அடித்தோல் உரியும், சில நாய்கள் இரத்தச் சர்க்கரை குறைந்து சுருண்டு விழும். எனவே பருவத்திற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அடைப்பில் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி எனப் படிப்படியாக நேரத்தைக் கூட்டுகின்றனர். இடையில் ஓய்வு நாள் அவசியம். பாதம் முள்ளுக்கும் கல்லுக்கும் பழகுவது கூண்டுக்குள்ளோ சிமெண்டுத் தரையிலோ நடவாது.

கோடை வெப்பமே பெரும் பகை. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த தென் மாநிலங்களில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. அதிலும் பீகிள் தடத்தில் இருக்கும்போது தானாக நிற்காது. களைப்பு அதற்குத் தெரிவதற்குள் உடல் வெப்பம் ஏறிவிடும். இயல்பில் 38 முதல் 39 பாகை செல்சியசு வரை இருக்கும் வெப்பம் 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கோடைப் பயிற்சி விடியற்காலையிலோ இரவிலோ நடக்கிறது. நல்ல அடைப்பில் நான்கைந்து இடங்களில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வேலி இருப்பதன் மிகப் பெரிய நன்மை இந்த இடத்தில்தான் தெரிகிறது: நாய் தள்ளாடுவதைக் கண்டால் ஓடிச்சென்று பிடித்துவிடலாம். வெளிக்காட்டில் அது இரண்டு குன்றுகளுக்கு அப்பால் இருக்கும்.

பல வீட்டு நாய்கள் வந்து போகும் பொது அடைப்பில் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. முயலின் குடலைத் தின்ற நாய்க்கு நாடாப்புழு வரும். ஓடி முடித்ததும் காதையும் விரலிடுக்கையும் தடவி உண்ணி பார்ப்பது வேலை முடியவில்லை என்பதன் அறிகுறி.

அடைப்பு கெடுக்கும் விதம்

அடைப்பில் மட்டும் வளர்ந்த நாய் வெளிக்காட்டில் தோற்பது அடிக்கடி நிகழ்வதுதான். முதற் காரணம் முயலின் எண்ணிக்கை. பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் எனச் சிலர் முயலை நெருக்கமாக விட்டுவிடுகின்றனர். ஒரு தடம் அறுந்தால் இரண்டு அடி தள்ளி இன்னொரு முயலின் புதிய தடம் கிடைக்கும். நாய் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். பார்வையாளருக்கு ஓட்டம் தொடர்வதாகத் தோன்றும். உண்மையில் நாய் முதல் முயலை இழந்துவிட்டது, தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்பைக் கற்கவே இல்லை. காட்டில் நாள் முழுதும் ஒரே முயல்தான் கிடைக்கும் என்ற நிலை வரும்போது, தடம் அறுந்த இடத்தில் அந்த நாய் தலையைத் தூக்கி எசமானரைப் பார்க்கும்.

இரண்டாவது, முயலே மாறிவிடுகிறது. நாள்தோறும் விரட்டப்படும் முயல் எந்தக் குழாய் எங்கே என மனப்பாடமாக அறிந்திருக்கும். சிறு வட்டமாகச் சுற்றி உள்ளே போய்விடும். நாய்களும் முயலின் பாதையை மனப்பாடம் செய்துவிடும். மூக்கு வேலை செய்ய வேண்டிய இடத்தில் நினைவு வேலை செய்யும். வேலியோரமாகவே ஓடப் பழகிய முயல், நாய்க்கு ஒரு நேர்க்கோட்டைத் தவிர வேறெதையும் கற்பிக்காது.

முயலின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். காட்டில் துரத்தப்பட்ட முயலுக்கு அடுத்த துரத்தல் வர நாளாகும். நெருக்கடியான அடைப்பில் காலை ஒரு கூட்டம், மாலை ஒரு கூட்டம் என்றால் மேய நேரமில்லை. இளைத்த முயல் எளிதில் பிடிபடும். தாய் முயல் தன் மயிரைப் பிடுங்கி விரித்து, தரையில் சிறு குழியில் குட்டிகளை வைத்துவிட்டு, விடியலிலும் அந்தியிலும் மட்டும் வந்து பாலூட்டும். சரியாக அந்த வேளைகளில்தான் கோடைப் பயிற்சியும் நடக்கிறது. சினைக்காலம் 28 நாள், ஆண்டுக்குப் பல ஈற்று என்பதால் முயல் தானே பெருகிவிடும் என நினைப்பர். குட்டி பிழைத்தால் அல்லவா பெருகும்? நன்றாக நடத்தப்படும் அடைப்புகள் நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி ஓய்வு தருகின்றன. ஒரு நாளில் எத்தனை நாய், எத்தனை மணி என எல்லை வைக்கின்றன. ஓர் அடைப்பு நல்லதா என அறிய வேண்டுமானால், வெளியிலிருந்து அடிக்கடி முயல் வாங்கிவிட வேண்டியிருக்கிறதா எனக் கேட்டாலே போதும். உள்ளே முயல் தானே பெருகி நிலைக்கிறது என்றால் அங்கே முயலுக்கு வாழ இடமிருக்கிறது, நாய்க்கும் உண்மையான முயல் கிடைக்கிறது. மாதந்தோறும் புது முயல் தேவைப்பட்டால் அது வேலி போட்ட கொலைக்களம்.

பயிற்சிக்கும் அளவுகோலுக்கும் ஏற்ப நாய் மாறும் என்பதற்குப் பீகிள் வரலாற்றிலேயே சான்று உண்டு. இரண்டு மூன்று நாய்களை மட்டும் ஓடவிட்டுத் துல்லியத்தை அளக்கும் 'பிரேஸ்' வகைக் களப் போட்டி நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. துல்லியத்திற்கே பரிசு என்றானதும், தலைமுறை தலைமுறையாக மெதுவான நாய்களே தேர்ந்தெடுக்கப்பட்டு, நடுவர் நடந்தே பின்தொடரும் அளவுக்கு ஓட்டம் தளர்ந்தது. அந்த நாய்கள் முயலைக் கிளப்பி வட்டமடிக்க வைக்க உதவவில்லை என வேட்டைக்காரர்கள் குறைகூறினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் தனிக் கூட்டமைப்புகள் அமைத்து, துப்பாக்கி வேட்டைக்கு உகந்த வேகமும் உறுதியும் கொண்ட நாய்களுக்கான போட்டிகளை வளர்த்தனர். இப்போட்டிகளிலும் முயல் கொல்லப்படுவதில்லை.

நரி அடைப்புகளுடன் குழப்பம்

முயல் அடைப்பைப் பற்றிய விவாதத்தில் நரி அடைப்புகளும் கலந்துவிடுவதுண்டு. நரியையும் கயோட்டியையும் வேலிக்குள் விட்டு, வேட்டை நாய்களைப் பெருங்கூட்டமாக ஏவும் அடைப்புகள் அவை. பொறியில் பிடித்த விலங்குகளை விலைக்கு வாங்கிக் கொண்டுவருவதும், அவை நாய்களால் கிழிக்கப்படுவதும் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. புளோரிடா மாநிலம் 2010இல் அவற்றைத் தடை செய்தது. வர்ஜீனியா 2014இல் புதிய நரி அடைப்புகளுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்தி, இருப்பவற்றுக்கு 40 ஆண்டுக் கெடு விதித்தது. முயல் அடைப்புகள் இச்சட்டங்களின் கீழ் வரவில்லை. எனினும் சட்டத்தை எழுத வைத்த கேள்வி இரண்டுக்கும் ஒன்றே: துரத்தப்படும் விலங்குக்குத் தப்பிக்க வழி இருக்கிறதா? பீகிள் வளர்ப்போருள் பொறுப்பானவர்கள் தங்கள் அடைப்பைக் காட்டும்போது நாய்களுக்கு முன்னதாகக் குழாய்களையும் புதர்க்குவியல்களையும் காட்டுவது இதனால்தான்.